இரண்டன்மை: ஊர்தியின் இரண்டாம் பேட்டரியும் அத்துவிதம் என்னும் சொல்லும்

இரண்டு பொருள்கள் இணையும்போது அவை தம் தனித்தன்மையை இழந்து ஒரே பொருளாகிவிடுகின்றனவா, இணைந்த பின்னும் இரண்டாகவே நிற்கின்றனவா என்னும் வினா இந்திய மெய்யியலில் பல நூற்றாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருவது. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை முன்னிட்டு எழுந்த இவ்வினா, உடலும் உயிரும், குணமும் குணியும், காரணமும் காரியமும் எனச் சேர்ந்து நிற்கும் எந்த இரண்டைப் பற்றியும் கேட்கத்தக்க பொதுவினாவாகும். அதை ஓர் ஊர்தியின் மின்னமைப்பில் இரண்டாவது பேட்டரியைப் பாதுகாப்பாக இணைக்கும் வேலையை வைத்துக் கேட்பது முதற்பார்வைக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். எனினும் கருவிகளைப் பற்றிய சிந்தனை மெய்யியலுக்குப் புறம்பானதன்று. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழில்பேர் சிமோந்தோன் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பண்பாடு கலைப்பொருளுக்குத் தரும் மதிப்பைத் தொழில்நுட்பப் பொருளுக்குத் தராமல் அதை வெறும் பயன்பொருளாக ஒதுக்கிவைப்பதால், அதற்குள் உறைந்திருக்கும் மனித அறிவைக் காணத் தவறுகிறது என்று வாதிட்டார். அவ்வாதம் ஏற்கத்தக்கதாயின், இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே பொருத்தப்பட்டுச் சுற்றைத் தானே மூடித் திறக்கும் ஒரு சிறு ரிலேயிலும் இணைவு என்றால் என்ன என்பது பற்றிய ஒரு கருத்து உறைந்திருக்கிறது. அதை வெளிக்கொணர்ந்து ஆராய்வது தகும்.

இந்த வேலைக்கு உரிய இடம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலம். அந்நாட்டின் மேற்கில் ஹால்ஸ் க்ரீக் பகுதியிலிருந்து விலூனா வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளும் கானிங் கால்நடைப் பாதையில், நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளில் செல்வோர் நாள்கணக்கில் கடையையோ பட்டறையையோ காணாமல் பயணம் செய்கின்றனர். (1906ஆம் ஆண்டு அப்பாதையை அளந்த ஆல்ஃபிரட் கானிங், நீர்நிலைகளைக் காட்டுவதற்காகப் பழங்குடியினரைச் சங்கிலியால் பிணைத்து அழைத்துச் சென்றது பின்னர் அரசு விசாரணைக்கு உள்ளானது, பிணைப்பு வேறு, இணைவு வேறு என்பதற்கு அந்த மண்ணே சான்றாக இருப்பதைச் சொல்லாமல் கடந்துபோவது முறையன்று.) அவ்வாறு செல்லும் ஊர்தியில் உணவைக் கெடாமல் வைக்கும் குளிர்பெட்டி, இரவு விளக்கு, வானொலித் தொடர்புக் கருவி ஆகியவை எஞ்சின் நின்றிருக்கும்போதும் மின்சாரம் கேட்கும். அவையனைத்தும் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொண்டால், காலையில் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் உறுமாது. அருகில் தள்ளிவிட ஆளில்லாத அந்நிலத்தில் அது வெறும் தொல்லையாக நின்றுவிடாமல் உயிருக்கே இடராகக் கூடும். ஆகவே முதல் பேட்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டு, தங்குமிடத் தேவைகளுக்கு இரண்டாவது பேட்டரி ஒன்று வைக்கப்படுகிறது.

இவ்விரண்டும் பேட்டரி என்ற ஒரே பெயரைத் தாங்கினாலும் இயல்பால் வேறுபட்டவை. 1859ஆம் ஆண்டு கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் வழிவந்தவையே இரண்டும் என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியில் மெல்லிய ஈயத் தகடுகள் பல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். சில நொடிகளுக்குச் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை அள்ளித் தந்துவிட்டு உடனே மீண்டும் நிரம்பிக்கொள்வது அதன் தொழில். ஆழமாக வடிந்து மீள்வதற்கென்று அமைந்த இரண்டாவது பேட்டரியில் தகடுகள் தடித்தவை. அது சில ஆம்பியரைப் பல மணிநேரம் தந்துகொண்டிருக்கும். முதலாவதை அடிக்கடி முழுவதும் வடியவிட்டால் அதன் தகடுகள் விரைவில் கெட்டுப்போகும். இரண்டாவதோ தேவை முடியும்வரை கொடுப்பதற்கே ஆக்கப்பட்டது. ஒன்றின் அறம் இருப்பைக் காத்தல் என்றும், மற்றதன் அறம் இருப்பைச் செலவிடுதல் என்றும் கூறினால் அது மிகையாகாது.

இவற்றை இணைக்க மிக எளிய வழி, நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் தடித்த கேபிளால் நிலையாகப் பிணைத்துவிடுவது. அவ்வாறு பிணைத்தவுடன் இரண்டும் தத்தம் மின்னழுத்தத்தில் நிற்க இயலாமல் ஒரே அளவை நோக்கி நகர்கின்றன. நன்கு நிரம்பி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; வடிந்தது 11.9 வோல்ட்டில் நிற்கிறது எனின், இடையிலுள்ள 0.8 வோல்ட் வேறுபாடு, மொத்த மின்தடை 0.02 ஓம் மட்டுமே உள்ள சுற்றில் தொடக்கத்தில் 40 ஆம்பியரை நிரம்பியதிலிருந்து வடிந்ததற்குத் தள்ளும். சைவ சித்தாந்தத்தில் உயிரின் இயல்பாகச் சொல்லப்படும் சார்ந்ததன் வண்ணமாதல், அதாவது எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடுதல், இங்கே கண்முன் நிகழ்கிறது. ஆனால் நிரம்பியதைச் சார்ந்து வடிந்தது உயர்வதோடு அது நிற்பதில்லை, வடிந்ததைச் சார்ந்து நிரம்பியதும் தாழ்கிறது. இரவெல்லாம் குளிர்பெட்டி ஓடிய பின் விடியலில் இருப்பவை ஒரே அளவில் வற்றிய இரண்டு பேட்டரிகள். அவற்றுள் எதற்கும் எஞ்சினைக் கிளப்ப வலுவில்லை. இதற்கு நேர்மாறாக இரண்டையும் முற்றிலும் பிரித்து வைத்தால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் பயன் இரண்டாவதற்குக் கிட்டுவதேயில்லை.

அத்துவிதம் என்ற சொல்லைப் பற்றிய பழைய விவாதம் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. துவிதம் என்பது இரண்டாக இருத்தல். அதன் முன்னே நிற்கும் எதிர்மறை எழுத்து என்ன பொருள் தருகிறது என்பதே விவாதம். வடமொழி எதிர்மறை முன்னொட்டுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்களைச் சித்தாந்த உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மலம் இல்லாதவன் அமலன் என்பதில் இன்மையும், தர்மத்துக்கு எதிரானது அதர்மம் என்பதில் மறுதலையும் பொருளாகின்றன. இன்மைப் பொருள் கொண்டால் இரண்டு என்பதே இல்லை, உள்ளது ஒன்றே என்றாகும். ஒருமைவாதிகள் கொண்ட வழி அதுவே. 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் வழியில் வந்தோர் அன்மைப் பொருளைக் கொண்டனர். அநேகம் என்னும் சொல் ஒன்று என்பதே இல்லை என்று கூறாமல் ஒன்று அல்லாதது என்று கூறுவதைப் போல, அத்துவிதம் என்னும் சொல்லும் இரண்டு பொருள்கள் உள்ளன என்பதை மறுக்காமல், அவை இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை என்பதையே உணர்த்துகிறது என்பது அவர்கள் கொள்கை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர் சிவஞானபோதத்துக்குத் தாம் எழுதிய மாபாடியம் என்னும் உரையில் இக்கொள்கையை விரிவாக நிறுவினார். இரண்டன்மை எனத் தமிழில் அதைச் சொன்னால், அச்சொல்லில் பொருள்களின் எண்ணிக்கை மறுக்கப்படவில்லை, பிரிவு மட்டுமே மறுக்கப்படுகிறது என்பது விளங்கும்.

நிலையான பிணைப்பு இன்மைப் பொருளுக்கும், இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தும் முழுப் பிரிவு மறுதலைப் பொருளுக்கும் ஒப்பாக நிற்க, நடைமுறையில் பாதுகாப்பானது எனக் கொள்ளப்படும் இணைப்பு அன்மைப் பொருளின் பக்கம் சாய்கிறது. அதன் எளிய வடிவம் மின்னழுத்தத்தை உணர்ந்து செயல்படும் ரிலே. ஆல்டர்னேட்டர் இயங்கும்போது முதல் பேட்டரியின் முனைகளில் மின்னழுத்தம் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை ஏறும். அது ஏறத்தாழ 13.3 வோல்ட்டைத் தாண்டியவுடன் ரிலே தன் தொடுமுனைகளை மூடி இரண்டாவதை இணைக்கிறது. எஞ்சின் நின்று மின்னழுத்தம் 12.8 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியவுடன் பிரித்துவிடுகிறது. இணைக்கும் அளவும் பிரிக்கும் அளவும் வேறுவேறாக இருப்பது தற்செயலன்று. இரண்டும் ஒன்றாயிருந்தால், வடிந்த இரண்டாவது பேட்டரி சேர்ந்தவுடன் மின்னழுத்தம் சரிய, சரிந்தவுடன் ரிலே பிரிக்க, பிரிந்தவுடன் மீண்டும் ஏற, ரிலே ஓயாமல் திறந்து மூடித் தன்னையே தீய்த்துக்கொள்ளும். சேர்வதற்கு ஓர் உயர்ந்த தகுதியையும், சேர்ந்த பின் சிறு தாழ்வுகளைப் பொறுத்துக்கொள்ளும் ஓர் இடைவெளியையும் அமைப்பாளர் ரிலேக்குள் வைத்திருக்கிறார்.

ஆயினும் ரிலே எஞ்சின் ஓடுவதை நேரில் அறிவதில்லை. மின்னழுத்தம் உயர்ந்திருப்பதை ஏதுவாகக் கொண்டு எஞ்சின் ஓடுகிறது என்று துணிகிறது. புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணியும் அனுமானத்தின் அமைப்பே இது. மணிமேகலைக் காப்பியம் விரித்துரைக்கும் பௌத்த அளவையியலில், ஏதுவைப் போலத் தோன்றி உண்மையில் ஏதுவாகாதது ஏதுப்போலி எனப்படும். சாதிக்க வேண்டிய பொருள் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது அதன் ஒரு வகையான அநைகாந்திகம். இக்காலத்தில் இரண்டாவது பேட்டரியாகப் பலரும் வைக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, நிரம்பி ஓய்ந்திருக்கும் நிலையிலேயே ஏறத்தாழ 13.3 வோல்ட் காட்டும். எஞ்சின் நின்ற பின்னும் அந்த மின்னழுத்தம் 12.8க்கு மேலேயே நிற்பதால், ரிலே அதை எஞ்சின் ஓடுவதன் அடையாளமாகக் கொண்டு பிரிக்காமலே இருந்துவிடக் கூடும். இதற்கு எதிரான பிழையும் உண்டு: எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் அமைந்த புதிய ஆல்டர்னேட்டர்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்கின்றன, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகையின்றி நெருப்பு இருப்பதைப் போல, அங்கே அடையாளமின்றியே எஞ்சின் ஓடுகிறது, ரிலே அதை அறியாமல் பிரித்துவிடுகிறது. பட்டறையில் இக்குறைகளைப் பொருந்தாத உதிரிபாகத்தின் கோளாறு என்பர். உண்மையில் இவை அளவையியல் பிழைகள், ஓர் ஏதுவை அது செல்லுபடியாகும் எல்லைக்கு வெளியே நம்பியதால் வந்தவை.

ரிலே பற்றி மெய்யியல் நோக்கிலும் ஒரு குறை உண்டு. அது இணைக்கும் நேரம் ஒன்று, பிரிக்கும் நேரம் மற்றொன்று. எந்த ஒரு நேரத்திலும் இரண்டு பேட்டரிகளும் முழுதும் ஒன்றாகவோ முழுதும் வேறாகவோதான் உள்ளன. சித்தாந்தம் கூறும் ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்றும் அவ்வாறு முறைவைத்து மாறிமாறி வருவன அல்ல. கலப்பினால் ஒன்று, பொருள்தன்மையால் வேறு, உயிரோடு உடன்நின்று இயக்குவதால் உடன் என ஒரே உறவின் மூன்று நிலைகளாக ஒருங்கே நிற்பன. அந்த நிலைக்குச் சற்றே நெருங்கி வருவது, இரு பேட்டரிகளுக்கும் இடையில் வைக்கப்படும் நேர்மின் மாற்று மின்னேற்றி (டிசி-டிசி சார்ஜர்). அது முதல் பேட்டரியின் பக்கத்திலிருந்து மின்சாரத்தைப் பெற்று, இரண்டாவதன் இயல்புக்கு ஏற்ற மின்னழுத்தமாக உயர்த்தியோ தாழ்த்தியோ, வரம்பிட்ட அளவில் ஒரு திசையில் மட்டும் அனுப்புகிறது. அதன் வழியே இரண்டாவது நிரம்பிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இரண்டும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் நிற்கின்றன. ஒன்றின் தாழ்வு மற்றதன் மேல் ஏறுவதில்லை. இதற்கு முன் வழக்கிலிருந்த டையோடும் ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விட்டாலும், சிலிக்கான் டையோடு தன்னைக் கடக்கும் மின்சாரத்திடம் ஏறத்தாழ 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், இரண்டாவது பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நிரம்பிவந்தது.

இதுவரை கூறியது இணைப்பு சரியாக இயங்கும்போது உள்ள நிலை. பாதுகாப்பு என்னும் சொல் முழுப்பொருள் பெறுவது இணைப்பு பழுதுபடும்போதுதான். வழக்கமான சுற்றில் மின்சாரம் ஒரு மூலத்திலிருந்து வருவதால், அம்மூலத்துக்கு அருகில் ஓர் உருகி, அதாவது அளவு மீறிய மின்னோட்டத்தில் தானே உருகிச் சுற்றை அறுக்கும் ஃபியூஸ், வைத்தால் போதும். இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கேபிளுக்கோ இரு முனைகளும் மூலங்கள். எஞ்சின் அறையின் தகட்டுத் துளையில் அக்கேபிளின் உறை உராய்ந்து தேய்ந்து செப்பு வெளிப்பட்டு ஊர்தியின் உலோக உடலைத் தொட்டால், முன்னிருந்து ஒன்றும் பின்னிருந்து ஒன்றுமாக இரண்டு பேட்டரிகளும் அப்புள்ளியில் மின்சாரத்தைக் கொட்டும். நல்ல பேட்டரி ஒன்று தடையற்ற குறுக்குச் சுற்றில் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தரவல்லது. கேபிள் நொடிகளில் பழுத்துச் சிவந்து அருகிலுள்ளவற்றைப் பற்றவைக்கும். முதல் பேட்டரியின் அருகில் மட்டும் உருகி வைத்தவர் அது உருகியதும் ஆபத்து நீங்கியது என்று எண்ணலாம். இரண்டாவது பேட்டரி மறுமுனையிலிருந்து கொட்டிக்கொண்டேயிருக்கும். ஆகவே ஒவ்வொரு பேட்டரியின் நேர்முனைக்கும் மிக அருகில் ஓர் உருகி வேண்டும். படகுகளுக்கான அமெரிக்கத் தரவிதி இத்தொலைவைப் பொதுவாக 7 அங்குலம் என வரையறுக்கிறது. உருகிக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட கேபிளைக் காப்பதற்கு எதுவும் இல்லை என்பதே அக்குறுகிய அளவுக்குக் காரணம். உருகியின் அளவும் கேபிள் தாங்கும் மின்னோட்டத்தைக் கொண்டே முடிவாக வேண்டும், ஏனெனில் உருகி காப்பது இரண்டையும் இணைக்கும் வழியையே, இணைக்கப்பட்ட கருவிகளை அன்று.

இந்த இரட்டை உருகியைப் பற்றி எவ்வளவு எண்ணினாலும் தகும். கொடுப்பது, பெறுவது என்று இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தாலும் கேடு விளையும்போது இரண்டும் கொடுப்பவையே. பெறும் பக்கத்திலிருந்தும் நெருப்பு வரும். உறவில் தீங்கு செய்யும் ஆற்றல் வலியவரிடம் மட்டுமே உண்டு என்று கருதி அவர்பக்கம் மட்டும் வரம்பிடுவோர் காணத் தவறுவது இதுவே. மேலும், நிறைவான இணைவு பிரிக்க முடியாததாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் பக்தி மரபுகளில் ஆழமாக வேரூன்றியது; இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள இணைவைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தில் குறை காண இடமில்லை, ஏனெனில் இறைவனிடமிருந்து உயிருக்குக் கேடு பாய்வதில்லை, உயிரின் குறை இறைவனைத் தாக்குவதும் இல்லை. ஆனால் தேய்ந்து பழுதுபடும் இரண்டு பொருள்களுக்கு இடையிலும், பிழைபடும் இரண்டு மனிதர்களுக்கு இடையிலும் அதே பிரிவின்மையை வேண்டுவது, வரம்புள்ளதை வரம்பற்றதாகப் பாவிப்பதாகும். வரம்புள்ளவற்றின் இணைவில், அறுந்துபோக வேண்டிய இடம் எது என்பது இணைக்கும்போதே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்; அது இணைவின் மேல் கொண்ட ஐயத்தால் செய்யப்படுவதன்று, இணைந்த இரண்டின் மேலும் உள்ள அக்கறையால் செய்யப்படுவது.

இந்த ஒப்புமை எங்கே நிற்கும், எங்கே முறியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உரையாசிரியர்கள் ஒருபுடை உவமை என்பது ஒரு பக்கத்தால் மட்டும் ஒத்து ஏனையவற்றால் ஒவ்வாதது, பேட்டரி அத்தகையதே. இறைவனும் உயிரும் தரத்தால் ஒத்தவர்கள் அல்லர். பேட்டரிகளோ இரண்டும் அறிவில்லாத சடப்பொருள்கள். எனினும் உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் சித்தாந்தம் காட்டும் செம்பும் களிம்பும் என்னும் உவமை இங்கே நேராகவே நுழைவது வியப்புக்குரியது. அமில ஆவி படும் செப்பு முனைகளில் நீலப்பச்சை நிறத்தில் களிம்பு படிந்து, மின்தடையைக் கூட்டி, தொடுமிடத்தைச் சூடாக்குகிறது. சித்தாந்திக்குக் களிம்பு செம்போடு உடன்பிறந்தது. மின்பணியாளருக்கோ அது புறத்திலிருந்து வந்து படிந்தது, ஆதலால் முனையைத் துடைத்து, இறுக்கி, மெழுகுப்பசை தடவினால் தடுக்கக்கூடியது. உவமையின் பொருள் மாறாவிட்டாலும், அதைக் கேட்பவர் செம்பைப் பற்றி என்ன அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது.

செய்முறையில் எஞ்சியவை சிலவே, எனினும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. கேபிள் போதிய தடிமன் கொண்டதாக இருக்க வேண்டும். 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கேபிளிலும் 6 மீட்டர் தொலைவுக்கு 40 ஆம்பியர் செல்லும்போது கால் வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பாகும். ஈய-அமிலப் பேட்டரி அளவுமீறி மின்னேற்றப்படும்போது வெளிவிடும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக் கூடியது; ஆகவே ஆள்கள் உறங்கும் அறைக்குள் வைக்கும் பேட்டரிக்கு வெளிக்காற்றுப் போக்கு வேண்டும், குலுங்கலில் பெயராதபடி அது இறுகக் கட்டப்பட்டிருக்கவும் வேண்டும். இணைக்கும்போது நேர்முனை முதலிலும் எதிர்முனை இறுதியிலும், கழற்றும்போது எதிர்முனை முதலிலும் என்னும் வரிசை மாறக் கூடாது. ஊர்தியின் உடலோடு எதிர்முனை சேர்ந்திருக்கும் நிலையில் நேர்முனையைத் திருகும் ஸ்பேனர் உடலைத் தொட்டால் அந்த ஸ்பேனரே குறுக்குச் சுற்றாகிவிடும். கைவளையும் மோதிரமும் கழற்றிவைக்கப்படுவதும் இதனால்தான்.

எல்லாம் முடிந்த பின் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. பேரளவு மின்னோட்டத்தை அடிக்கடி தாங்கிய ரிலேயின் தொடுமுனைகள் சில வேளைகளில் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பின் ரிலே பிரிப்பதே இல்லை, ஆனால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது, விளக்கு எரியும், குளிர்பெட்டி ஓடும், மின்னேற்றமும் நடக்கும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, குளிர்பெட்டியை ஓடவிட்டு, ஒரு மணிநேரம் கழித்து மின்னழுத்தமானியால் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டி ஒன்றாகவே இறங்கிவந்தால் இணைப்பு பழுதுபட்டுவிட்டது. முதலாவது 12.7 வோல்ட்டிலும், இரண்டாவது அதற்குச் சற்றுக் கீழே 12.4 வோல்ட்டிலும் நின்றால், மறுநாள் காலையில் எஞ்சின் கிளம்பும்.